மேடையிலதான்ப்பா இருக்கேன்

பைனாகுலரைக் கண்ணிலிருந்து இறக்காமல், மேடையில் ஆடிய பெண்களை ஒவ்வொருத்தியாக அளந்துகொண்டிருந்தார் அவர். முகத்தில் தொடங்கிப் பாதம் வரை இறங்குவார், பிறகு அடுத்த பெண்ணுக்குத் தாவுவார். தலை முழுக்க நரைத்த மனிதர். மடியில் பூங்கொத்து வேறு.

பக்கத்து இருக்கை அம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கைப்பையை எடுத்து இரண்டு பேருக்கும் நடுவில் வேலி போல வைத்தாள். கணவரை எழுப்பி இடம் மாற்றிக்கொள்ளலாம் என்றால், மனிதர் முதல் அயிட்டத்திலேயே குறட்டைக்குப் போய்விட்டிருந்தார்.

"இந்த வயசுல இதெல்லாம் தேவையா சார்?" என்று கேட்டே விட்டாள்.

அவர் பதறிப்போனார். "ஐயோ, தப்பா நினைக்காதீங்கம்மா. என் பொண்ணு இந்த ஷோவுல இருக்கா. அவளைத்தான் தேடிட்டிருக்கேன்."

அம்மாளின் கோபம் போன இடம் தெரியவில்லை. "அடக் கடவுளே, அதை முதல்லயே சொல்லக் கூடாதா? எந்தப் பொண்ணு?"

"இன்னும் வரலம்மா."

அவருக்குச் செருப்புக் கடையில் வேலை. முப்பத்தோரு வருடமாகக் குட்டை ஸ்டூலில் குனிந்து உட்கார்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் செருப்பு மாட்டிவிட்டு, தாயில்லாத ஒற்றை மகளை ஆளாக்கினார். அவள் மேஜிக் கம்பெனியோடு போகிறேன் என்று நின்றபோது, "போனா இந்த வாசப்படியை மிதிக்காதே" என்று வாயை விட்டுவிட்டார். ரோஷத்தில் அவள் அப்பனை உரித்து வைத்தவள். மிதிக்கவே இல்லை.

மூன்று வருடமாக மாதம் ஒரு போன் மட்டும் வரும். "மேடையிலதான்ப்பா இருக்கேன். தினமும் கைதட்டல்தான்" என்பாள். போட்டோ அனுப்பு என்றால் பேச்சை மாற்றுவாள். போனை வைத்ததும் வீடு மறுபடி ஊமையாகிவிடும். சில நாட்களில் டிவியில் செய்தி வாசிக்கிறவருக்கே அவர் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்.

கம்பெனி பக்கத்து நகரத்துக்கு வந்திருப்பதைப் போஸ்டரில் பார்த்தார். முதலாளியிடம் பைனாகுலரை இரவல் வாங்கிக்கொண்டு, மகளிடம் சொல்லாமல், இரண்டு பஸ் மாறி வந்துவிட்டார். அவள் சொன்னது நிஜம்தானா, இல்லை எங்கேயாவது கிடந்து கஷ்டப்படுகிறாளா? அதைத் தெரிந்துகொள்ளாமல் அவரால் ஒரு கவளம் நிம்மதியாக விழுங்க முடியவில்லை.

"உங்க பொண்ணு இருக்கற ஷோ, சொல்லக் கூடாதுதான்," என்று பாப்கார்னை நீட்டினாள் அம்மாள். "ரயில் இன்ஜினையே மறைய வைப்பேன்னு ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டினான். இதுவரைக்கும் மறைஞ்சது ரெண்டு புறாவும் என் ஞாயித்துக்கிழமையும்தான்."

அவர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. குடை வந்தது, கத்தி வந்தது, காலிப் பெட்டிக்குள்ளிருந்து ஆறு பெண்கள் வந்தார்கள். ஆறு பேரும் யாரோ.

"மேக்கப்ல உங்களுக்கு அடையாளம் தெரியலையோ என்னமோ?"

"பெத்தவனுக்குத் தெரியாதாம்மா?" அவர் பைனாகுலரை மடியில் இறக்கினார். "பொய்தான் சொல்லியிருக்கா. எங்க இருக்காளோ, சாப்பிட்டாளோ இல்லையோ. நான்தானே துரத்தினேன்."

அம்மாள் நடுவில் இருந்த கைப்பையை எடுத்துக் கீழே வைத்தாள்.

கடைசி அயிட்டம். ஒரு நீளப் பெட்டியை உருட்டி வந்தார்கள். அதுவரை நாலு தடவை மேடைக்கு வந்துபோன ஜிகினாச் சட்டைப் பெண் அதில் ஏறிப் படுத்தாள். மூடியதும் ஒரு முனையில் அவள் முகம் தெரிந்தது, மறுமுனையில் இரண்டு வெறுங்கால்கள் நீண்டன. மேஜிக்காரர் ஒரு இறகை எடுத்து உள்ளங்காலில் வருடினார். கால் துள்ளியது, முகம் கிளுகிளுவென்று சிரித்தது.

அவர் பைனாகுலரைத் தூக்கினார். பூங்கொத்து மடியிலிருந்து நழுவி விழுந்தது. சட்டென்று எழுந்து நின்று, ஒற்றை ஆளாகக் கைதட்டத் தொடங்கினார்.

"யோவ், உக்காருய்யா! இன்னும் அறுக்கவே இல்ல!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்.

அவர் காதில் அது ஏறவில்லை. ரம்பம் இறங்கியது, பெட்டி இரண்டானது, இரண்டு பாதியையும் மேடையின் இரண்டு கோடிக்கு இழுத்துப் போனார்கள். தனியாகப் போன கால்கள் விரலை ஆட்டிக் காட்டின. அரங்கமே எழுந்து ஆர்ப்பரித்தது. தூங்கிக்கொண்டிருந்த கணவர்கூட விழித்துக்கொண்டு, என்ன ஏது என்று கேட்காமல் கைதட்டினார்.

பெரியவரின் கன்னம் முழுக்கக் கண்ணீர். அம்மாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தப் பொண்ணா சார்? ஆரம்பத்துலேர்ந்து வந்துட்டுதானே இருந்தா! எவ்வளவு லட்சணமான முகம்! அதை எப்படி சார் அடையாளம் தெரியாமப் போச்சு?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மேடையின் மறுகோடியில் தனியாக நின்ற பாதிப் பெட்டியைக் காட்டினார்.

"அந்த முகம் யார் வீட்டுப் பொண்ணோம்மா... கால் என் பொண்ணோடது."