வீரணன் கேட்ட கேள்விகள்

"உளி மரத்துல படுறப்ப வாயைத் திறக்காதடா" என்று ராஜகுருவின் பெரியப்பா, பழைய கடைசல்காரர், அவருடைய சின்ன வயசில் சொல்வார்.

ராஜகுரு பாதி ஆயுசை லண்டனில் கழித்துவிட்டு ஊர் திரும்பியவர். அங்கே பொழுதுபோக்காகப் பழகிய, மரத்தைச் சுழலவிட்டு உளியால் கடையும் கடைசல் வேலையை, இன்றைக்குத்தான் முதன்முதலாக மதுரைக்காரர்கள் முன்னால் செய்து காட்டுகிறார். காளவாசல் கல்யாண மண்டபம் நிறையக் கடைசல்காரர்கள். 'நம்மாளு' என்று இவர்கள் வாயால் ஒரு வார்த்தை வந்துவிட்டால் போதும் என்றிருந்தது அவருக்கு.

மிஷின் சுழன்றது. கிண்ணம் கடைய, பூவரசங்கட்டையில் உளியை வைத்தார்.

"அண்ணே, இப்ப எந்த உளியை எடுத்தீங்க?" இரண்டாவது வரிசையிலிருந்து ஒரு குரல்.

மைக்கில் சொன்னார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அதே குரல்.

"வெளிப்பக்கம் முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சு."

"உள்ள நடுவுல இருந்து குடையுறீங்களா, ஓரத்துல இருந்தா?"

"நடுவுல இருந்து."

"சீவல் நூலா வருதாண்ணே, தூளா வருதா?"

மண்டபத்தில் சிரிப்பு. ராஜகுருவின் முகம் சுண்டிப்போனது. கூட்டத்தை நடத்தும் உமேஷ் அவர் காதருகே குனிந்தான்.

"கண்டுக்காதீங்கண்ணே. அவரு வீரணன், உசிலம்பட்டி. காலங்காலமா கடைசல் பட்டறை வச்சிருக்கிறவரு, தெரியாமயா கேக்குறாரு? சீமையில இருந்து வந்தவரைச் சீண்டிப் பாக்குறாரு."

"அண்ணே, ஓரம் எம்புட்டு கனம் வச்சிருக்கீங்க?"

ராஜகுரு மிஷினை நிறுத்தினார்.

"உங்க கண்ணு முன்னாலதானே கடையுறேன்? பாக்கப் பிடிக்கலைன்னா, பக்கத்துல ஒருத்தர் தூங்குறாரே, அவரை மாதிரி நீங்களும் கண்ணை மூடித் தூங்குங்க!"

மண்டபம் அதிர்ந்தது. எவனோ விசிலடித்தான். வீரணன் விருட்டென்று எழுந்தார். பக்கத்தில் தலை கவிழ்ந்திருந்தவர் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

ராஜகுரு மைக்கை அணைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் கிண்ணத்தை முடித்தார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. "நம்மாளு கெட்டிக்காரருய்யா!" என்று ஒரு சத்தம்.

டீ வேளையில் வீரணன் மேடையோரம் வந்தார். அவர் தோளைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே அந்தத் தூங்குமூஞ்சி.

"அண்ணே, இது சுருளி. என் கூட்டாளி. பட்டறையில பாதி இவனுது. அந்தக் கிண்ணத்தை ஒரு தரம் தொட்டுப் பாக்கணுமாம்."

ராஜகுரு நீட்டினார். சுருளியின் கை கிண்ணத்துக்கு வரவில்லை, காற்றில் துழாவியது. வீரணன் அதைப் பிடித்துக் கிண்ணத்தின் மேல் வைத்தார்.

"சர்க்கரை ரெண்டு கண்ணையும் வாங்கிருச்சுண்ணே" என்றார் சுருளி, ஓரத்தைத் தடவிக்கொண்டே. "அருமையா வந்திருக்கு. பாதி வரைக்கும் உங்க கூடவேதான் வந்தேன். மைக்கை அணைச்சீங்களா, அதோட வழி தப்பிருச்சு."

"முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே..." என்றார் ராஜகுரு.

"சொன்னா மேடைக்குக் கூப்பிட்டு, ஐயோ பாவம்னு மாலை போடுவீங்க. இவனுக்கு அது ஆகாது" என்றார் வீரணன். "அதான் உங்க வாயைக் கிளறிக்கிட்டே இருந்தேன். வாடா மாப்ள, பஸ்ஸு போயிரும்."

இருவரும் வாசலைத் தாண்டியதும் உமேஷ் ஓடிவந்தான்.

"நாளைக்குக் காலையிலயும் மேடை உங்களுக்குத்தாண்ணே. சனம் உங்களைத்தான் கேக்குது!"

நாளைக்கு வேறு யாரையாவது ஏற்றிக்கொள்ளச் சொல்லிவிட்டு, உசிலம்பட்டிக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று ராஜகுரு அவனிடம் கேட்டார்.