குப்பாயி வைத்த பரீட்சை

மாரமங்கலத்து அங்கன்வாடிக்காகக் குப்பனூர்ப் பட்டறையில் வார்த்த சுவர்கள் லாரியில் வந்து நின்றன. இறக்க வேண்டாமென்று மறுத்தார் மகளிர் குழுத் தலைவி குப்பாயி, ஓடைக்கரையில் துணி துவைத்தபடியே.

“பாதி சிமெண்டு, பாதி சாம்பலா? எங்க புள்ளைங்க தலைல உழுகறதுக்கா?”

“சிமெண்டு கொறஞ்சா சிமெண்டு ஆலைப் புகையும் கொறையுமுங்க அக்கா. சுவரு நல்லா ஒறுதிங்க,” என்றாள் சுவர்களோடு வந்த பட்டறைப் பொறியாளர் சிவரஞ்சனி.

“வாயில சொன்னா ஆச்சா கண்ணு? இந்தத் துவைக்கிற கல்லப் பாரு. மூணு மாசமா ஊரே அடிக்குது, ஒரு கீறல் உண்டா? இப்படி இருக்கோணும்!”

“இது ஏதுங்கக்கா?”

“ரோட்டோரம் யாரோ போட்டுட்டுப் போனது.”

சிவரஞ்சனி குனிந்து பார்த்தாள். “கொஞ்சம் பொரட்டலாமுங்களா?”

இருவரும் சேர்ந்து புரட்டினார்கள். அடியில் பொறித்திருந்தது: ‘மாரமங்கலம் அங்கன்வாடி. மாதிரிச் சுவர்த் துண்டு. பாதி சாம்பல்.’

“ஊருக்குக் காட்டச் சொல்லி அனுப்புனதுங்க. எங்க போச்சுன்னு தேடிட்டே இருந்தோமுங்க!”

குப்பாயி ஈரக் கையை உதறி எழுந்து, லாரிக்காரரைப் பார்த்து நெஞ்சு நிமிர்த்திக் கூவினார்:

“எறக்குங்க சாமி! நான் அடிச்சுப் பாத்துப் பாஸ் போட்ட சுவருங்க அது!”