காண்டாமிருகக் குட்டி

“குட்டி இன்னும் வரலையா?”

கடைக்குள் நுழையும்போதே கேட்டார் பல் டாக்டர்.

“வரலையே டாக்டர். வந்தா உங்களுக்குச் சொல்லாம வேற யாருக்குச் சொல்லப்போறேன்?” என்றார் பழைய பொருள் கடைக்காரர், பச்சைப் பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

அலமாரி துடைத்துக்கொண்டிருந்த கடைக்காரரின் மகளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. சற்று முன்புதான் கத்தரிக்கோல் தேடி மேசை டிராயரைத் திறந்திருந்தாள். உள்ளே துணியில் சுற்றிப் பத்திரமாக இருந்தது அது. ஈயத்தில் வார்த்த ஆப்பிரிக்கக் காண்டாமிருகக் குட்டி.

டாக்டருக்கு அந்தக் காலத்து ஆப்பிரிக்க விலங்கு பொம்மைகள் என்றால் உயிர். வாலொடிந்த ஒட்டகச்சிவிங்கியைக்கூட விடமாட்டார். பெயின்ட் உதிர்ந்திருந்தாலும் புதிதாகப் பூசக் கூடாது, பூசினால் அது வேறு பொம்மை என்பார். அன்றும் ஒரு வரிக்குதிரையைக் கவிழ்த்துப் பிடித்து, ‘வாயைத் திற’ என்று சொல்லாத குறையாகப் பரிசோதித்தார். பிறகு கடைக்காரரோடு டீ குடித்து, ஊர்க்கதையெல்லாம் பேசிவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் மகள் பிடித்துக்கொண்டாள்.

“ஏம்ப்பா, கையில வச்சுக்கிட்டே இல்லைன்னு புளுகுறீங்களே. விலை ஏறட்டும்னா?”

அப்பா டீ கிளாஸ்களை ஓரமாக எடுத்து வைத்தார்.

“கிளினிக்கை மூடினதுலேர்ந்து மனுஷன் வீட்டை விட்டு வெளியே வர்றதே இதைத் தேடித்தான். அவர் செட்டுல இது ஒண்ணுதான் பாக்கி. கிடைச்சுட்டா அப்புறம் நாற்காலியே கதின்னு உட்கார்ந்துடுவார்.”

மகள் விடவில்லை. ஆசைப்பட்டதைக் கண்ணில் காட்டாமல் வைப்பதற்குப் பெயர் உதவியா என்று கேட்டாள். அவருக்கும் வயதாகிறது, நாளைக்கே ஏதாவது ஆகிவிட்டால் காலத்துக்கும் மனசு உறுத்தாதா என்றாள்.

சாயங்காலம் அப்பா அசந்த நேரம் பார்த்து, குட்டியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு டாக்டர் வீட்டுக்குப் போனாள்.

கூடத்தில் பெரிய கண்ணாடி அலமாரி. சிங்கம், நீர்யானை, காதை விரித்த யானை எல்லாம் தூசி தும்பு இல்லாமல் நின்றன. எத்தனை வருஷப் பொறுமை என்று வியந்துகொண்டே குட்டியை வெளியே எடுத்தவளின் கை அப்படியே நின்றது.

அலமாரியில் தாய்க் காண்டாமிருகத்தின் பக்கத்தில் இதே குட்டி நின்றுகொண்டிருந்தது.

“இது உங்ககிட்ட ஏற்கெனவே இருக்கா அங்கிள்?”

“ரொம்ப வருஷமா இருக்கும்மா.” டாக்டர் கையும் களவுமாகப் பிடிபட்டவர் போலச் சிரித்தார். “உங்கம்மா போனப்புறம் உங்கப்பா கடையைத் திறக்கவே இல்லை, ஞாபகம் இருக்கா? ஆறுதல் சொல்லப் போனவங்களையெல்லாம் வாசலோட அனுப்பிட்டார். நான் ஆறுதல் சொல்லலை. காண்டாமிருகக் குட்டி ஒண்ணு வேணும், கடையைத் திறந்து தேடிப் பாருங்கன்னு நச்சரிச்சேன். அன்னைக்குத் திறந்தவர்தான்.”

அவளுக்கு இரண்டு பேரையும் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

டாக்டர் அந்தக் குட்டியை அவள் கையிலேயே வைத்து விரல்களை மூடினார்.

“எடுத்த இடத்துலயே வச்சிடும்மா. எனக்கு இது கிடைச்சுட்டா, நாளைக்கு உங்கப்பா எதுக்காகக் கடையைத் திறப்பார்?”