எரியாத பேனா

துறைமுகத்தில் கிரேன் டிரைவர் வேலைக்காக அண்ணன் வல்லரசுவுக்கு அன்று பதினோரு மணிக்குக் கண் பரிசோதனை. காலையில், கப்பல்காரர் ஒருவர் அவனுக்குக் கொடுத்திருந்த பச்சை லேசர் பேனாவைக் கை தவறிக் கீழே போட்டுவிட்டேன். அதன்பின் வெளிச்சம் வரவில்லை.

“எப்பப் பாரு தரையவே பாத்துகினு. மூஞ்சத் தூக்கு செங்கொடி. நான் பாக்குறேன்.”

பட்டனை அழுத்தியபடி பேனாவின் வாய்க்குள் ஒரு கண்ணால் பார்த்தான். பிறகு மறு கண்ணால் பார்த்தான்.

“ஒன்னியும் காணோம். செத்துப்போச்சு, வுடு.”

கிளம்பும்போது கண்ணைக் கசக்கினான். “இன்னாவோ மங்கலா கீது. நீயும் கூட வா.”

அங்கே பலகையில் ஓர் எழுத்தைக்கூட அவனால் படிக்க முடியவில்லை.

“பலமான வெளிச்சம் எதையாவது நேரா பார்த்தியா?” என்றார் டாக்டர்.

“கீழ வுழுந்து எரியாம போன பச்ச லேசர் பேனாவத்தான் சார் பாத்தேன்.”

டாக்டர் கருவியை வைத்து அவன் இரு கண்களுக்குள்ளும் பார்த்தார்.

“அதுக்குள்ள வர்றதே கண்ணுக்குத் தெரியாத கதிர்தான்பா. சின்னதா ஒரு படிகம் அதைப் பச்சையா மாத்தும். விழுந்ததுல படிகம் நகர்ந்திருக்கும். மாறாத கதிர் முழுசா உன் கண்ணுக்குள்ள போயிருக்கு. பார்வையோட நடுப்பக்கம் வெந்துடுச்சு, இனி ஓரம் மட்டும்தான் தெரியும். போனது திரும்ப வராது.”

வெளியே வந்ததும் என் பக்கம் திரும்பினான்.

“இப்பவும் இன்னா குனிஞ்சிகினு கீற? முடிதான் தெரியுது. மூஞ்சத் தூக்கு.”

நான் அவனையே நேராகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.