கடனில் வாங்கிய கால்

சுடலைமுத்து தன் இயந்திரக் காலுக்குக் கட்ட வேண்டிய பாக்கி ஒரு லட்சத்து எண்பத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய். தவணை பிந்தினால் முழங்கால் தானாகப் பூட்டிக்கொள்ளும். தூத்துக்குடி உப்பளத்து வரப்பில் தலைச்சுமையோடு அப்படியே நிற்க வேண்டியதுதான்.

"காலுக்குள்ள ஓடுற மென்பொருள் ஊருக்குப் பொதுவா எழுதிக் குடுத்தது, அண்ணாச்சி" என்றாள் தொழிற்சங்க மெக்கானிக் ஜெஸ்லின். "காலை விக்கிறவன், வாங்குனவங்க கேட்டா மூலநிரல் முழுசையும் குடுத்தே ஆவணும். உரிமத்துல அப்படித்தான் இருக்கு. வாங்கித் தாங்க, பூட்டைக் கழட்டிருதேன்."

சுடலைமுத்து கால் விற்ற கம்பெனியிடம் கேட்டார். கம்பெனி வக்கீல் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"நாங்க விக்கலையே. வாடகைக்குத்தானே குடுத்தோம்?"

"வாடகைச் சாமானுக்கு எவம்யா கடன் எழுதுவான்?" சுடலைமுத்துவின் மனைவி பேச்சித்தாய் எகிறினாள். "கடன் நிக்குல்லா? அப்ப வித்ததுதான!"

வக்கீல் கைபேசியில் எதையோ தட்டினார்.

"இதுவரை கட்டினதெல்லாம் வாடகை. பாக்கி மொத்தமும் தள்ளுபடி. கடனும் இல்ல, விற்பனையும் இல்ல."

கடன் கொடுத்த கம்பெனியின் வக்கீல் கையைப் பிடித்துக்கொண்டு சுடலைமுத்து கெஞ்சினார். "ஐயா, தள்ளிராதீங்க. வட்டிய வேணா கூட்டிக்கிடுங்க. கடன் அப்படியே இருக்கட்டும்யா."

"முடிஞ்சுபோச்சு பெரியவரே. வாடகைப் பொருளை எடுத்துக்கிறோம்."

வண்டியிலிருந்து இரண்டு பேர் இறங்கி வந்து அவர் முன்னால் முட்டி போட்டார்கள். பாக்கி பூஜ்யம் என்ற செய்தி பேச்சித்தாயின் கைபேசிக்கு வந்தபோது, சுடலைமுத்து ஒரு கையால் சுவரையும் மறு கையால் அவள் தோளையும் பற்றி நின்றிருந்தார்.