கடைசிச் சரணம்

நிலவறை அரங்கில் ஒரே ஒரு நீல விளக்குதான் எரிகிறது. இந்த இசைக்குழுவின் பெயரையே வாசலில் ஒட்டியிருந்த தாளில்தான் பார்த்தேன். பாடகி கிடாரை இறக்கி வைத்துவிட்டு வெறும் குரலில் பாடுகிறாள். சரணத்துக்குச் சரணம் குரல் தணிந்துகொண்டே போக, கூட்டமும் கூடவே மூச்சை அடக்குகிறது, எனக்கு முன்னால் நிற்கும் இரண்டு பேரைத் தவிர. அந்நிய ஊரில் யாருக்குப் புரியப்போகிறது என்ற தைரியத்தில், குளியலறைத் தரைக்கு என்ன டைல்ஸ் போடலாம் என்று தமிழில் வாய் ஓயாமல் பேசுகிறார்கள். "வழுக்காததா போடு மச்சான், மாமனார் விழுந்து வெச்சா யாரு பதில் சொல்றது?" பேசுகிறவன் கையில் பிளாஸ்டிக் டம்ளர் வார்த்தைக்கு வார்த்தை நசுங்கிச் சத்தம் போடுகிறது. வேலை முடிந்து ரயில் மாறி வந்து, யாரென்றே தெரியாத ஒருத்தியின் குரலில் புல்லரித்து நிற்கிறேன். காதில் டைல்ஸ் விழுகிறது. பல்லைக் கடித்துப் பார்க்கிறேன், முடியவில்லை. "அண்ணா, கொஞ்சம் வாயை மூடுறீங்களா?" என்று முணுமுணுக்கிறேன். இருவரும் சட்டென்று திரும்புகிறார்கள். முகமெல்லாம் பல். "அட, நம்மாளு! எந்த ஊரும்மா? வீட்டுக்காரர் வரலையா? தனியாவா வந்த?" அவர்கள் தோள்களுக்கு நடுவே பாடகியின் உதடு அசைவது மட்டும் தெரிகிறது. கடைசிச் சரணம் போய்க்கொண்டிருக்கிறது. "வீட்டுக்காரர் வரலையான்னு கேட்டேம்மா." "தனியாத்தான் வந்தேன்! பாட்டு கேக்க வந்தேன்!" அரங்கம் முழுக்க என் குரல்தான் கேட்கிறது. அத்தனை தலைகளும் என் பக்கம் திரும்புகின்றன. பாடகியின் உதடு நின்றுவிடுகிறது. டம்ளர்க்காரன் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு குனிகிறான். "மெதுவா பேசும்மா, பாடிட்டிருக்காங்கல்ல."