நாலு வரிக்கு இடம்

"நாலே நாலு வரி. அதைப் பாட ஒரு பையனை நிறுத்தினா உங்களுக்கு என்ன குறைஞ்சு போகுது?" என்றான் எவேலியோ. அந்த நாடகக் குழுவின் இயக்குநர் அவன்தான். ஒப்பனை அறைக் கதவில் சாய்ந்து நின்றான்.

ஒந்தினா கண்ணாடியிலிருந்து பார்வையை எடுக்கவில்லை. "அந்த நாலு வரி லியாந்த்ரோவோடது. வேற யாரும் தொடக் கூடாது."

மியாமியின் எட்டாம் தெருவில் இருந்தது அந்தச் சின்ன அரங்கம். ஞாயிறு மதியம் இசை நாடகம் நடக்கும். அப்படியே வானொலியில் நேரடியாகப் போகும். கடைசிக் காட்சியில் ஒந்தினா ஜன்னலருகே நின்று பாடுவாள். தெருவிலிருந்து காதலன் பதில் பாட வேண்டும். சொந்த ஊரான ஹவானாவில் அதைப் பாடியவன் அவள் கணவன் லியாந்த்ரோ. அவள் கிளம்பி வந்துவிட்டாள். அவனுக்கு நாட்டை விட்டு வர அனுமதி கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு அந்த இடம் வந்தால் வாத்தியம் மட்டும் ஒலிக்கும், குரல் இருக்காது. 'நீ இடம் விடு, நான் இங்கேயிருந்து பாடறேன்' என்று விமான நிலையத்தில் அவன் சொன்னது எட்டாம் தெருவுக்கே தெரியும்.

"ரேடியோவுல குரல் வரலைன்னு ஜனங்க தட்டித் தட்டிப் பாக்கறாங்களாம். காபி கம்பெனிக்காரர் இன்னிக்கு முன் வரிசையில உக்காந்திருக்கார். பையன் பாடலைன்னா ஒலிபரப்புக்குக் காசு தர மாட்டாராம்."

"பாடினா நான் இல்லை."

"நல்லா பாடறான்மா. ஒரு தடவை கேட்டுப் பாருங்க."

"கேட்டேன். பல் வரிசை ரொம்ப நல்லா இருக்கு."

எவேலியோவுக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. "ஹவானாவுல உங்க பாட்டைக் கேட்டாலே குத்தம். அவர் கேக்கறார்னு என்ன நிச்சயம்? இத்தனை வருஷமா காலி இடத்தைப் பாத்துப் பாடிட்டிருக்கீங்க."

"காலி இல்லைங்க" என்றது ஒரு குரல்.

ஒந்தினாவின் கவுனுக்குப் பின்னால் கொக்கி மாட்டிக்கொண்டிருந்த மிக்தாலியா. போன மாதம் ஹவானாவிலிருந்து படகில் வந்து இறங்கியவள். உடைகள் தேய்க்கிற வேலைக்கு நேற்றுத்தான் சேர்ந்திருந்தாள்.

"நான் அவர் வீட்டுக்கு மேல்மாடிதான், ஒந்தினாம்மா" என்றாள், கொக்கியைப் பார்த்துக்கொண்டே. "ஞாயித்துக்கிழமை உங்க பாட்டு வந்தா, அவர் வீட்டு ரேடியோ மெதுவா பாடும். அந்த நாலு வரி வர்றப்போ அந்த வீட்டுலேர்ந்து பதில் பாட்டு வரும். ஒரு ஞாயிறுகூட விட்டுப் போனதில்லை. போன மாசம் வரைக்கும் என் காதால கேட்டேன்."

ஒந்தினாவின் கையிலிருந்த கண் மைப் பென்சில் தவறி மடியில் விழுந்தது. வெள்ளைக் கவுனில் கறுப்பாக ஒரு கோடு.

"என்ன சொன்னே? போன மாசம் வரைக்குமா?"

அதற்குள் மணி அடித்துவிட்டது. எவேலியோ வெளியே திரும்பி, "தம்பி, நீ போய் ஒரு காபி குடி. இன்னிக்கு நீ பாட வேண்டாம்" என்றான். "கம்பெனிக்காரரை நான் பாத்துக்கறேன். நீங்க வாங்கம்மா."

ஒந்தினா வாய் திறப்பதற்குள் கையைப் பிடித்து அழைத்துப் போய்விட்டான்.

கடைசிக் காட்சி. ஒந்தினா ஜன்னலுக்கு வெளியே பார்த்துப் பாடி நிறுத்தினாள். வயலின்கள் மட்டும் ஒலித்தன. 'மழை விட்டாச்சு, ஜன்னலைத் திற' என்று அவன் தொடங்குகிற இடம். அரங்கில் ஒருவரும் இருமவில்லை. எவேலியோ என்ன சொல்லி வைத்தானோ, முன் வரிசையில் கம்பெனிக்காரர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார்.

திரை ஓரத்தில் நின்ற மிக்தாலியாவின் உதடுகள் அசைந்தன. அது ஒந்தினாவின் கண்ணில் பட்டது.

திரை விழுந்ததும் அவள் நேராக அங்கேதான் வந்தாள். பின்னாலேயே எவேலியோ ஓடி வந்தான்.

"கம்பெனிக்காரர் அழுதுட்டார்மா. அடுத்த வாரமும் உண்டு. இனிமே நான் சும்மா இருக்க மாட்டேன். எங்க மாமாகிட்ட படகு இருக்கு. லியாந்த்ரோவை எப்படியாவது இங்க கொண்டு வந்துடலாம்."

"எந்தப் படகுலயும் அவர் வர மாட்டார், எவேலியோ" என்றாள் ஒந்தினா. "அவர் தவறிப்போய் ஆறு வருஷமாச்சு. அவர் தங்கை ஆள் மூலமா சொல்லி அனுப்பினா. நான்தான் யார்கிட்டயும் சொல்லலை. அந்த இடத்தை மூட மனசு வரலை."

பிறகு மிக்தாலியாவின் முகத்தை நிமிர்த்தினாள். "இப்ப சொல்லு பெண்ணே. அந்த வீட்டுல பாடறது யாரு?"

மிக்தாலியா ஒந்தினாவின் கையைப் பற்றிக்கொண்டாள்.

"உங்களுக்குத் தெரியாதுன்னு நினைச்சோம்மா. தெரிஞ்சா இடம் விடறதை நிறுத்திடுவீங்களோன்னு பயந்தோம். அவர் தவறின அதே வாரம், ரேடியோவுல நீங்க பாடி நிறுத்தினீங்க. உங்களைக் காக்க வைக்க எங்களுக்கு மனசு வரலை. அன்னிலேர்ந்து ஞாயித்துக்கிழமையானா எங்க கட்டடமே அவர் வீட்டுல வந்து உக்காந்துடும். 'ஜன்னலைத் திற'ன்னு பாடறதுக்கு, இருக்கற ஜன்னலை எல்லாம் சாத்திக்குவோம்."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இப்ப அங்க ஒரு குரல் குறையுமேன்னுதான் நான் இங்கேயிருந்து பாடினேன்."